ரெட் டாட்டுக்கு வைத்த சந்தனம்

கண்ணாடிக் கடைங்களா உங்களுக்கு? பை மேல எழுதியிருக்கறதைப் பாத்தேனுங்க, அதான் கேட்டேன். மூக்குக் கண்ணாடி, லென்சுன்னு போட்டிருக்குதே. நல்லதாப் போச்சு. இல்லீங்க, எனக்குக் கண்ணாடி வேண்டாம். என்ற கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும், அவ்வளவுதான். நீங்க மேல்தொட்டி வரைக்கும் வர்றீங்கல்ல? கண்டக்டர்கிட்டச் சொன்னது காதுல உளுந்துச்சு. நானும் அங்கதான். மலை ஏறிப் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். சன்னலோரம் வேணும்னா நீங்க உக்காருங்க. கடலை தின்னுங்க. எனக்கு எறங்கலீங்க.

கேள்வி என்னன்னா, ஒரு கண்ணாடிக்கு அடியில, கண்ணாடி மேல இல்லீங்க, அதை மாட்டற இரும்புக்கு அடியில, ஒரு கடுகத்தனை சந்தனம் காஞ்சு ஒட்டியிருந்தா, அதுல பாக்கறது கோணலாப் போயிருமுங்களா? கடுகத்தனைதானுங்க. அதுக்கு மேல இல்ல.

எதுல மாட்டற கண்ணாடியா? துப்பாக்கிலீங்க. அட, நகந்து உக்காராதீங்க. ஆளைக் கொல்ற துப்பாக்கி இல்ல. யானைக்கு மயக்க ஊசி போடறது. டார்ட் கன்னுன்னு சொல்லுவாங்க. நான் ஃபாரஸ்டுல இருக்கறேன். சென்னியப்பன்னு பேரு. வேட்டைத் தடுப்புக் காவலர். பேரு பெருசா இருக்குது, வேலை டெம்பரவரி. பதினாலு வருசமா டெம்பரவரி. இந்த வருசம் பர்மனென்ட் லிஸ்ட்டுல என்ற பேரு மேல போயிருக்குதுன்னு சொன்னாங்க. சொன்னாங்க, அவ்வளவுதான்.

இன்னைக்கு வெடியால ஊட்ட உட்டுக் கெளம்பறப்ப என்ற தங்கச்சி வாசப்படில வழிய மறிச்சு நின்னுட்டா. பாவாயின்னு பேரு. அவளும் அவ மகளும் இப்ப எங்கூட்டுலதான் இருக்கறாங்க. ரெண்டு மாசமாச்சு. "அண்ணா, எம் புருஷன் யாரு தப்புல செத்தாருன்னு அங்க கேட்டுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அது மட்டும் தெரியோணும்"னு சொன்னா. அழுகலீங்க. அழுதிருந்தா நான் நல்லபடியாக் கெளம்பியிருப்பேன்.

கீழ ஆபீஸ்ல விசாரணை. அதை முடிச்சுட்டுத்தான் இப்ப மேல போறேன். போயி அவகிட்டச் சொல்லோணும். எங்க யானை டாக்டரம்மா தப்புன்னு சொல்லோணும். அதானுங்களே நெசம்? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாங்க. நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லப் போறதில்ல.

நீங்க முழுசாக் கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க. கண்ணாடி பத்தித் தெரிஞ்ச ஆளு சொன்னா எனக்கு ஒரு தெம்பு.

அந்தத் துப்பாக்கிக்கு ரெட் டாட்டுன்னு ஒண்ணு உண்டுங்க. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். துப்பாக்கி முதுகு மேல உக்கார வெச்சு ரெண்டு திருகாணி முடுக்கோணும். முன்னால சின்னதா ஒரு கண்ணாடி, பின்னால பொட்டாட்ட ஒரு லைட்டு. சுவிட்சைப் போட்டா கண்ணாடிக்குள்ள சிவப்பா ஒரு புள்ளி நிக்கும். வெளிய யாருக்கும் தெரியாது. யானைக்குத் தெரியாது. துப்பாக்கியப் புடிச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தான். ஒத்தக் கண்ண மூடவே கூடாது, ரெண்டையும் தொறந்து வெச்சுக்கோணும். அப்பத்தான் புள்ளியும் தெரியும், சுத்தி எது வருதுன்னும் தெரியும். புள்ளிய எங்க வெக்கறமோ ஊசி அங்க போகும். போகோணும்.

அது எங்க ஆபீசுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. வந்த அன்னைக்கே டாக்டரம்மா அதை என்ற கையில குடுத்தாங்க. ஜெசிந்தா மேடம். நாகர்கோயில் பக்கம். வயசு என்னைவிட எட்டு ஒம்பது கம்மிதான் இருக்கும். என்னைய அண்ணேன்னுதான் கூப்புடுவாங்க. "இந்தப் பெட்டி உங்க பொறுப்பு அண்ணே. ரேஞ்சர் கேட்டாலும் நீங்கதான் தொறக்கணும்"ன்னு சொன்னாங்க. பதினாலு வருசத்துல என்னைய நம்பி ஒரு பொருளை யாரும் குடுத்ததில்லீங்க. விறகு கட்டிக் குடுக்கச் சொல்லுவாங்க, ஜீப்பைத் தள்ளச் சொல்லுவாங்க. சாவி குடுத்தது அந்தம்மாதான். அதையும் சொல்லிர்றேன். நல்லவங்க இல்லைன்னு நான் சொல்லல.

அதை நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு நீங்க எங்க ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. வாயால ஊதப்படாது, எச்சி தெறிக்கும். ரப்பர் பந்தை அமுக்கிக் காத்தடிச்சுத் தூசியப் போக்கோணும். அப்புறம் மெத்துனு ஒரு ப்ரஷ். கடைசியாத்தான் துணி, அதுவும் அதுக்குன்னு இருக்கற துணி. வேட்டி நுனில தொடைக்கறது, பனியன்ல தொடைக்கறது ஆகவே ஆகாது, கீறல் உளுந்துரும். நீங்களும் கடையில இதேதானுங்களே சொல்லுவீங்க? பாத்தீங்களா! மழையில நனைஞ்சு வந்தா ஒடனே பெட்டில வெச்சு மூடப்படாது, உள்ள வேர்த்துக்கும். காய வெச்சுத்தான் மூடோணும். பட்டன் செல்லு சித்திரை ஒண்ணாந்தேதி மாத்திருவேன், பழசு நல்லா எரிஞ்சாலும் சரி. கருக்கல்ல வெளிச்சத்தைக் கொறைக்கோணும், இல்லைன்னா புள்ளி ஊதிப்போயி யானைத் தொடையவே மறைச்சுரும். உச்சி வெயிலுக்குக் கூட்டோணும். இதெல்லாம் எனக்கு யாரும் ரெண்டாவது வாட்டி சொன்னதில்லீங்க.

திருகாணி அசைஞ்சா கண்ணுக்குத் தெரியாதுல்ல? அதுக்கு மேடம் ஒரு வழி சொன்னாங்க. திருகாணித் தலையில இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்து வெச்சுட்டா, திருகாணி துளி நகந்தாலும் கோடு ஒடைஞ்சு தெரியும். பாவாயி மக கனிஷ்காவோட நகப்பாலிஷை வாங்கிக் கோடு போட்டேன். ஊதாக் கலரு. மேடம் பாத்துட்டுச் சிரிச்சாங்க. "யானை ஓடியே போயிரும் அண்ணே"ன்னாங்க.

இன்னொண்ணும் சொன்னாங்க. "இதைக் கழட்டாதீங்க. கழட்டி மாட்டினா மறுபடி சுட்டுப் பாத்துச் சரி பண்ணாம வெளிய எடுக்கக் கூடாது"ன்னு. அது எப்படின்னா, வைக்கோல் சாக்கை முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, சுண்ணாம்புல வட்டம் போட்டு, ஊசில மருந்துக்குப் பதிலாத் தண்ணிய ரொப்பி மூணு வாட்டி சுடோணும். புள்ளி வெச்ச எடத்துல ஊசி குத்துச்சுன்னா சரி. தள்ளிக் குத்துச்சுன்னா பக்கத்துல குட்டியா ரெண்டு திருகு இருக்குது, டிக் டிக்குனு திருப்பி இழுத்துக் கொண்டாரோணும். மொத்தம் அரை மணி நேர வேலை. அதுதான். அரை மணி நேரம்.

இந்த ஐப்பசிக்கு முந்தி மொறக்காதன் வந்துட்டான். யானைங்க. காது ரெண்டும் மொறமாட்ட இருக்கும், அதனால ஊர்ல அந்தப் பேரு. மக்காச்சோளம் முத்தற நேரம், நாலு பேரு சோளக்காட்டை அழிச்சுட்டான். ஒரு கெழவரை மிதிச்சுட்டான். மேல இருந்து உத்தரவு வந்துச்சு, மயக்க ஊசி போட்டுப் புடிச்சு, கழுத்துல ரேடியோ காலர் மாட்டி, வேற காட்டுல உடோணும்னு. ஒரு வாரம் தேடறோம், கையில சிக்கல. அதுக்குள்ள ஆயுத பூஜை வந்துருச்சு.

பூஜைய ரேஞ்சர் நல்லா விமரிசையாப் பண்ணுவாரு. ஜீப்பு, வாக்கி டாக்கி, டார்ச்சு, அருவா, துப்பாக்கி எல்லாத்தையும் வரிசையா வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை. போன வருசம் எங்க டிரைவரு கேமராவுக்குக் கண்ணுலயே பொட்டு வெச்சுட்டாரு. புலி எண்ணறதுக்கு மரத்துல கட்டற கேமரா. அது அப்பறம் புலியவே காட்டல. இந்த வருசமும் அந்த ஆளு கையில தட்டை எடுத்துக்கிட்டு வர்றான், எனக்குப் பகீர்னுது. ரெட் டாட்டு கண்ணாடில சந்தனத்தை அப்பிட்டான்னா? அதுனால, கேளுங்க, அதைக் காப்பாத்தோணும்னுதான், நான் சாவி போட்டுத் தொறந்து, அதைக் கழட்டித் தனியா எடுத்து, ஒரு வாழையெலைத் துண்டு மேல வெச்சேன்.

அக்கறைலதானுங்களே பண்ணுனேன்? நீங்களே சொல்லுங்க.

ஆனா எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு இதுக்கு மட்டும் வெக்காம உட்டா மனசு கேக்குமா? நமக்குச் சோறு போடற பொருளு. கண்ணாடில படக் கூடாது, லைட்டுல படக் கூடாது. அதனால திருப்பிப் புடிச்சு, அடிப்பக்கம் இரும்பு மேல, ஓரத்துல, சுண்டு வெரல் நுனியால ஒரு துளி. சாமி கும்புட்டேன். மொறக்காதன் நாளைக்குச் சிக்கோணும், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கும்புட்டேன். நெசமா அதைத்தான் கும்புட்டேன்.

மேடம் வந்திருந்தாங்க. அவங்க வேதக்காரங்கதான், ஆனாலும் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஓரமா நின்னு, பொரி வாங்கித் தின்னாங்க. பூஜைல வெச்ச பொருளை அன்னைக்கு எடுக்கக் கூடாது. அது ஊருக்கே தெரியும். மறுநாள் வெடியால மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும். அன்னைக்குப் பூரா அது எலை மேலதான் இருந்துச்சு. எப்படிச் சுட்டுப் பாக்கறது? பூஜைல இருக்கற துப்பாக்கிய எடுத்து வைக்கோல் சாக்கைச் சுட முடியுமா?

மறுநாள் வெடியால அஞ்சரைக்குப் போனு. மொறக்காதன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நிக்கறான்னு. ரேஞ்சரு கத்தறாரு, ஜீப்பு உறுமுது. கற்பூரத்தைக் கூடச் சரியாக் காட்டல. துப்பாக்கிய ஒரு கையில, ரெட் டாட்ட ஒரு கையில எடுத்துக்கிட்டு ஏறிட்டேன். மேடம் குவார்ட்டர்ஸ் வாசல்ல ஏறறதுக்குள்ள ஜீப்புல உக்காந்தே மாட்டிட்டேன். அந்தத் தடம் பூராக் குண்டுங்குழியும். ஆனாலும் திருகாணிய இறுக்கி முடுக்கினேன். ஊதாக் கோடு கோட்டோட சேந்துச்சு. ரெண்டுமே சேந்துச்சுங்க! கோடு சேந்துட்டா சரின்னுதானே அர்த்தம்?

துப்பாக்கிய வாங்கறப்ப அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமா இல்லையா? சுடப் போறது அவங்க. "சுட்டுப் பாத்தாச்சா"ன்னு ஒரு வார்த்தை. கேக்கல. படிச்சவங்க. கேக்கல.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஓடை, அக்கட்ட சீமக் கருவேலம் புதரு. மொறக்காதன் சைடு காட்டிட்டு நின்னான். முப்பது மீட்டர், அளந்தோம். மேடம் தொடையில புள்ளிய வெச்சு அடிச்சாங்க. ஊசி கீழ போயிருச்சு. ஒன்றரை அடி கீழ, பின்னங்கால் முட்டி எலும்புல. ஊசி வளைஞ்சுருச்சு, மருந்து பாதிதான் எறங்கியிருக்கும். ஆனா ஊசி வாலுல இருக்கற மஞ்சக் குஞ்சம் காலுல ஆடுது, எல்லாருக்கும் தெரியுது, பட்டுருச்சுன்னு நெனச்சுட்டாங்க. மேடம் மட்டும், "கீழ போயிட்டுதே, கீழ போயிட்டுதே. யாரும் பக்கத்துல போகாதீங்க"ன்னு கத்துனாங்க.

என்ற மாப்ள ராக்கியண்ணன் ஓடைக்கு அக்கட்ட நின்னாரு. பாவாயி புருஷன். அவரும் எங்களாட்ட டெம்பரவரிதான். ஊசி பட்ட யானை எங்க போயிச் சாயுதுன்னு பாக்கறது அவரு வேலை. அவருக்கு மேடம் கத்துனது கேக்கல. இன்னும் சத்தமாக் கத்தியிருக்கோணும், அதையும் நான் எழுதிக் குடுத்திருக்கறேன்.

கால் மணி நேரம் கழிச்சு மொறக்காதன் புதருக்குள்ள அசையாம நின்னான். காது ஆடல. தும்பிக்கை தொங்குது. மயக்கம் புடிச்சா அப்படித்தான் நிக்கும். மாப்ள ரெண்டு எட்டு வெச்சு எட்டிப் பாத்தாரு. நான் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு சட்டை காலரைச் சரி பண்ணிக்கிட்டு நடந்தாரு, ஏதோ பொண்ணு பாக்கப் போறவராட்ட. மொறக்காதன் திரும்பிட்டான். பாதி மருந்துல என்ன மயக்கம்? நான் "மாப்ள"ன்னு கத்துனேனா, இல்ல கத்தோணும்னு நெனச்சேனான்னு எனக்கு இன்னும் தெரியலீங்க.

அவ்வளவுதான். பொறகு சொல்ல ஒண்ணுமில்ல. தூக்கிக்கிட்டு வந்தது நாந்தான்.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க. ரெண்டு மொடக்கு போதும்.

இந்த வளைவெல்லாம் தாண்டறதுக்குள்ள நீங்க ஒண்ணு சொல்லோணும். கடுகத்தனை சந்தனம். அது ஒரு யானையக் கோவப்படுத்தி ஒரு ஆளைக் கொல்லுமா? என்னுங்க? அடியில ஒரு பக்கம் தூக்கியிருந்தா? நகக் கனம் தூக்குனாலே முப்பது மீட்டர்ல அடிக்கணக்குல போயிருமா? அப்படிங்களா. கண்ணாடிக் கடைக்காரருக்குத் துப்பாக்கி பத்தி என்னங்க தெரியும்? கோவிச்சுக்காதீங்க. நீங்களும் அதையே சொல்றீங்க. இன்னைக்கு அங்க வந்த ஆளும் அதையேதான் சொன்னாரு.

விசாரணைக்குத் துப்பாக்கிய சீல் ஒடைச்சு எடுத்தாங்க. ஆயுதம் ரிப்பேர் பாக்கற ஒருத்தரு வந்திருந்தாரு. வெளிய கொண்டுபோயி மூணு வாட்டி சுட்டாரு. மூணும் ஒரே எடத்துல, கீழ. அப்புறம் மேசை மேல துணிய விரிச்சு, ரெண்டு திருகாணியக் கழட்டி, ரெட் டாட்டைக் கவுத்தாரு. மஞ்சளா ஒரு பொடி உதுந்துச்சு. மோந்து பாத்தாரு. "சந்தனம்"ன்னாரு. மூணு அதிகாரிக உக்காந்திருக்கறாங்க. மூணு பேரும் குனிஞ்சு அந்தப் பொடியப் பாத்தாங்க. 

"யாரு கழட்டுனது"ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மேடம் எந்திரிச்சுட்டாங்க. "பூஜை என் அனுமதியிலதான் நடந்தது. கழட்டினது யாரா இருந்தாலும், வெளிய எடுக்கறதுக்கு முன்ன சுட்டுப் பாத்திருக்க வேண்டியது நான். சுட்டுப் பாக்கல. தப்பு என்னோடது"ன்னாங்க. எழுதியே கொண்டாந்திருந்தாங்க. கொண்டுபோயி வெச்சாங்க.

தப்பில்லைன்னா யாராச்சும் இப்படி எழுதிக் குடுப்பாங்களா? சொல்லுங்க. எனக்கு அவங்க மேல வஞ்சம் ஒண்ணுமில்ல. ஆனா தப்புச் செஞ்சவங்கதானே தப்புன்னு எழுதுவாங்க?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

சரி. சொல்லிர்றேன். கேட்டாங்க.

அன்னைக்கு ஜீப்புல கேட்டாங்க. நான் இத்தனை நேரம் கேக்கலைன்னு சொன்னேன்ல? கேட்டாங்க. துப்பாக்கிய மடியில வாங்கி வெச்சு, கோட்டைப் பாத்துட்டு, "ஏன் அண்ணே, நேத்து இது தனியா இலை மேல இருந்துதே. மாட்டிச் சுட்டுப் பாத்தாச்சா?"ன்னு கேட்டாங்க. நான், "ஆச்சுங்க மேடம்"னேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. நானே ரெண்டு மாசமா என்னையக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். இல்லைன்னு சொல்லியிருந்தா ஜீப்ப நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. சாக்கு எங்கன்னு தேடி, வட்டம் போட்டு, அரை மணி நேரம். ரேஞ்சரு எல்லாத்துக்கும் முன்னால என்னையக் கிழிச்சிருப்பாரு. பர்மனென்ட் லிஸ்ட்டு. அதெல்லாம் சரி. ஆனா அதுவும் இல்லீங்க. கழட்டாதீங்கன்னு சொன்னதைக் கழட்டிட்டேன். சாவி குடுத்த அந்தம்மா மொகம் மாறும், அதைப் பாக்க என்னால முடியல. அவ்வளவுதான். ஒரு வார்த்தைங்க. வாயில இருந்து தானா வந்துருச்சு. ஒருத்தரு ஊட்டுக்குப் போறப்ப "சாப்புட்டாச்சா"ன்னு கேட்டா நாம பசியோடயே "ஆச்சுங்க"ன்னு சொல்றமே, அப்படி வந்துருச்சு.

அவங்க அதை நம்பிட்டாங்க. நம்பிட்டு அடிச்சாங்க.

இன்னைக்கு நடுவுல இருந்த அதிகாரி கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாத்துக் கேட்டாரு. "பெட்டி உன் பொறுப்புதானே? துப்பாக்கிய வாங்கறப்ப டாக்டர் உன்கிட்ட டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேட்டாங்களா?"ன்னு. நான் மேடத்தைப் பாத்தேன். அவங்க என்னையப் பாக்கல. தரையப் பாத்துக்கிட்டு நின்னாங்க. கையில ஒரு கர்ச்சீப்பு, அதைச் சுருட்டறாங்க, பிரிக்கறாங்க.

நான், "கேக்கலீங்க ஐயா"ன்னேன்.

அவங்க இப்ப நிமிந்து, "பொய்யி"ன்னு கத்துவாங்கன்னு நின்னேன். கத்துனா நல்லா இருக்கும்னு கூட நெனச்சேனுங்க. சாமி சத்தியமா. ஒரு வார்த்தை பேசல. அதிகாரி எழுதிக்கிட்டாரு. முடிஞ்சுது.

வெளிய வேப்பமரத்தடில ஜீப்புக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. நான் சுத்திக்கிட்டுப் பின்பக்கமாப் போயிரலாம்னு பாத்தேன். கூப்புட்டுட்டாங்க. "பாவாயியும் பிள்ளையும் உங்க வீட்டுலதானே இருக்காங்க அண்ணே?"ன்னாங்க. ஆமாங்கன்னேன். "உங்களை விட்டா அவங்களுக்கு ஆளில்லைல்லா?"ன்னாங்க. ஆமாங்கன்னேன். "சரி, பாத்துப் போங்க"ன்னாங்க. வேலை போயிரும் அவங்களுக்கு. போயிருமுன்னு கிளார்க்கு சொன்னாரு. யானைக்கு ஊசி போடறதைத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம்னு வந்தவங்க.

அப்ப மேடம் எனக்காகச் சும்மா இருக்கல, பாவாயிக்காகத்தான் சும்மா இருந்தாங்கன்னு சொல்றீங்களா? நான் அப்படி நெனைக்கல. நெனைக்கக் கூடாதுன்னு பாக்கறேன். நான் இப்ப ஊட்டுக்குப் போயி, மேடம்தான் தப்பு, ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவேன். பாவாயி நாலு நாள் அழுவா, நாலு நாள் திட்டுவா, அப்புறம் சோறு திம்பா. மாப்ள செத்ததுல இருந்து அவ சோறே சரியாத் திங்கறதில்லீங்க. ஒரு பேரு வேணும் அவளுக்கு. திட்டறதுக்கு ஒரு பேரு. அதை நான் கொண்டுபோறேன். என்ற பேரைக் கொண்டுபோனா அவ எந்த ஊட்டுல இருப்பா? என்ற கையில சோறு வாங்கித் திம்பாளா? கனிஷ்கா என்னைய மாமான்னு கூப்புடுமா? சொல்லுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, நான் இப்பவே பஸ்ஸைத் திருப்பச் சொல்லிக் கீழ போயி, கேட்டாங்கய்யான்னு சொல்லிர்றேன்.

 

ஒரு நிமிசமுங்க. போனு.

அவதான்.

சொல்லு அம்மணி... பஸ்ஸுலதான். மலை ஏறிட்டிருக்குது... ம்... எப்ப?... ம்... ம். இரு. இரு, சத்தமா இருக்குது, இரு.

கையை வெச்சு மூடியிருக்கறேன், அவளுக்குக் கேக்காது. மேடம் இப்பத்தான் அவளைக் கூப்புட்டாங்களாமா. தப்பு என்னோடதுதான், என்னைய மன்னிச்சுருன்னு அழுதாங்களாமா. பாவாயி என்ன சொல்றா தெரியுங்களா? "அந்தம்மா பொய் சொல்றாங்கண்ணா"ங்கறா. "மூணு வாட்டி சுட்டுப் பாக்காம அவங்க கெளம்ப மாட்டாங்க, அப்படி முடியாதப்ப வாய் உட்டுக் கேக்காம இருக்க மாட்டாங்கன்னு அவரு எத்தனை வாட்டி என்கிட்டச் சொல்லியிருக்கறாரு. அவங்க யாரையோ காப்பாத்தறாங்க. யாரைண்ணா? நீ அங்கதானே இருந்தே, யாரை?"ங்கறா.

என்ன சொல்லட்டுமுங்க? சிக்னல் இல்லைன்னு வெச்சிரட்டுமா? அடுத்த வளைவு தாண்டுனா நெசமாவே சிக்னல் போயிரும். சித்த நேரம் தள்ளுனாப் போதும். நீங்க ஒண்ணு சொல்லுங்களேன். ஏதாச்சும் ஒண்ணு. சன்னலைப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க.

அவ வெக்கல. மூச்சு உடறது கேக்குது.

டிரைவரண்ணா! டிரைவரண்ணா, சித்த ஓரம் கட்டுங்க. வளைவு தாண்டாதீங்க. ஒரு அஞ்சு நிமிசம். திட்டுனாத் திட்டிக்கங்க, நிறுத்துங்க.

பாவாயி. இருக்கறேன் அம்மணி, இங்கதான் இருக்கறேன். கேளு. பாப்பா பக்கத்துல இருக்குதா? அதைச் சித்தப் பக்கத்தூட்டுக்கு அனுப்பு. அனுப்பிப்போட்டு, கதவைச் சாத்திப்போட்டு வா. நான் வெக்க மாட்டேன்.